கமென்ட்டில் பதிப்பு எண்: எதை எழுதுவது, எதை கிட்டிடம் விடுவது

பலர் சேர்ந்து எழுதும் நிரல்தொகுப்பு எதைத் திறந்தாலும் கமென்ட்களில் பதிப்பு எண்கள் கலவையாகக் கிடக்கும். ஒரு கோப்பின் தலையில் $ஐடி$ என்று விரிவடையாமலே நிற்கும் வரி. இன்னொன்றில் "@வெர்ஷன் 1.3", கடைசியாக யார் ஏற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பங்ஷனுக்கு மேல் "@சின்ஸ் வி2.4", அடுத்ததற்கு மேல் "@சின்ஸ் 2.4.0", மூன்றாவதில் "@சின்ஸ் அடுத்த ரிலீஸ்". இதை ஒழுங்குபடுத்த உட்காரும் குழு பெரும்பாலும் எழுத்துவடிவத்தைப் பற்றித்தான் வாதாடும். அதற்கு முன்னால் பிரிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் குறிகள் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. "என் கையில் இருக்கும் இந்தக் கோப்பு எந்த நிலையில் உள்ளது?" என்பது முதலாவது. "இந்த பங்ஷன் வேண்டுமென்றால் குறைந்தபட்சம் எந்த ரிலீஸ் வேண்டும்?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கான பதிலைக் கமென்ட்டில் எழுதக் கூடாது, ஒரே ஒரு விதிவிலக்கைத் தவிர; அது கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை. இரண்டாவதன் பதில், அதாவது @சின்ஸ் ("இந்தப் பதிப்பு முதல்"), கமென்ட்டில்தான் இருக்க வேண்டும். இதுதான் எங்கள் நிலைப்பாடு, காரணங்கள் கீழே.

குறிகளையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். நிரலில் வழக்கமான எழுத்துகளிலேயே இடுங்கள்.

கோப்பின் நிலை: டாலர் குறிகளின் கதை

கோப்புக்குள்ளேயே அதன் திருத்த எண்ணைப் பதிக்கும் பழக்கம் 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியிலேயே தொடங்கிவிட்டது. %ஐ% என்று எழுதினால் கோப்பை எடுக்கும்போது திருத்த எண்ணாக விரியும், %ஜி% தேதியாக விரியும். 1982-இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி உருவாக்கிய ஆர்சிஎஸ் இதை $ஐடி$, $ரிவிஷன்$, $டேட்$, $லாக்$ என்று மாற்றியது. அன்றைக்கு இதற்கு உருப்படியான காரணம் இருந்தது. வாடிக்கையாளர் கணினிக்குப் போனது கம்பைல் செய்த பைனரி மட்டும். நிரலும் அதன் வரலாறும் இருக்கும் ரெப்போ அங்கே இல்லை. சி நிரலில் $ஐடி$ வரியை ஒரு சரமாக வைத்துவிட்டால், பைனரியின் மீது "ஐடென்ட்" கட்டளையை ஓட்டி, எந்தக் கோப்பின் எந்தத் திருத்தம் உள்ளே போயிருக்கிறது என்று பார்க்கலாம்.

ஒவ்வொரு கோப்புக்கும் தனித் திருத்த எண் இருந்த காலத்து ஏற்பாடு இது. அடுத்து வந்த சிவிஎஸ் கருவியிலேயே சிக்கல் தெரிந்துவிட்டது. இரண்டு பிராஞ்ச்களை (இணையாக வளரும் நிரல் கிளைகளை) இணைக்கும்போது $ஐடி$ வரி இரண்டிலும் வேறுவேறாக விரிந்திருப்பதால் அந்த ஒரு வரிக்காகவே மோதல் வரும். "-கேகே" என்ற விருப்பத்தைப் போட்டு விரிவை அடக்கினால்தான் தப்பிக்க முடியும். $லாக்$ இன்னும் மோசம். ஒவ்வொரு கமிட்டின் (பதிவு செய்த மாற்றத்தின்) செய்தியையும் கோப்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டே போகும். பைனரிக் கோப்பில் தற்செயலாக அந்த எழுத்துகள் இருந்து, "-கேபி" குறி போட மறந்திருந்தால் கோப்பே கெட்டுப்போகும்.

சப்வெர்ஷன் இதைக் கொஞ்சம் கட்டுக்குள் கொண்டுவந்தது. "எஸ்விஎன்:கீவேர்ட்ஸ்" என்ற பண்பைக் கோப்பில் போட்டால் மட்டுமே விரியும். ஆனால் $ரெவ்$ பற்றிய ஒரு தவறான நம்பிக்கை இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. அது ரெப்போ முழுவதன் தற்போதைய எண் இல்லை. அந்தக் கோப்பு கடைசியாக மாறிய எண். முதன்மைக் கோப்பில் $ரெவ்$ வைத்து, அதையே மென்பொருளின் பதிப்பாகத் திரையில் காட்டினால், மற்ற ஐம்பது கோப்புகள் மாறியும் எண் அசையாது. வேலைநகலின் உண்மையான எண் வேண்டுமென்றால் "எஸ்விஎன்வெர்ஷன்" கட்டளையின் விடையை பில்ட் நேரத்தில் எடுக்க வேண்டும்.

கிட்டில் நிலைமை வேறு. கோப்புக்கென்று திருத்த எண்ணே கிடையாது. ".கிட்ஆட்ரிபியூட்ஸ்" கோப்பில் "ஐடென்ட்" பண்பை இட்டால் $ஐடி$ விரியத்தான் செய்கிறது, ஆனால் விரிவில் வருவது கமிட்டின் ஹாஷ் (அடையாளச் சரம்) இல்லை, கோப்பு உள்ளடக்கத்தின் 40 எழுத்து பிளாப் ஹாஷ். தேதி, ஆள், பதிப்பு எதுவும் அதில் இல்லை. அதிலிருந்து கமிட்டைக் கண்டுபிடிக்க "கிட் லாக் --பைன்ட்-ஆப்ஜெக்ட்" என்று தேட வேண்டும். அவ்வளவு பாடுபடுவதற்குக் கோப்பையே டிஃப் செய்துவிடலாம்.

இன்னொரு வழி "எக்ஸ்போர்ட்-சப்ஸ்ட்" பண்பு. $பார்மேட்:%எச்$ என்று எழுதிய இடத்தில், "கிட் ஆர்க்கைவ்" ஓடும்போது மட்டும் கமிட் ஹாஷ் நிரப்பப்படும். டார்பால் (நிரல் பொதி) இறக்கிக் கம்பைல் செய்பவர்களுக்கு இது பயன்படும். ஒரு எச்சரிக்கை: முழு ஹாஷைத் தரும் பெரிய %எச்-ஐ மட்டும் வையுங்கள். பிராஞ்ச் பெயர்களைத் தரும் %டி-ஐ வைத்தால், பிராஞ்ச் நகரும்போது அதே டேகின் (ரிலீஸைக் குறிக்கும் பெயரின்) டார்பாலில் வேறு எழுத்துகள் வரும். லினக்ஸ் விநியோகங்கள் சேமித்து வைத்திருக்கும் செக்சம் பொருந்தாமல் அவர்கள் பில்ட் நின்றுவிடும். சுருக்க ஹாஷும் அப்படித்தான். ரெப்போ வளர வளர அதன் நீளம் கூடலாம்.

பெரிய திட்டங்கள் என்ன செய்தன என்று பார்த்தால் போக்கு தெளிவாகவே இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி 2020 டிசம்பரில் கிட்டுக்கு மாறியது; 2023 ஆகஸ்டில் $ஃப்ரீபிஎஸ்டி$ வரிகளை மரம் முழுவதிலிருந்தும் நீக்கியது. லினக்ஸ் கெர்னலின் "செக்பேட்ச்" கருவி இத்தகைய குறிகளைக் கண்டால் இவை புதுப்பிக்கப்படாது என்று எச்சரிக்கிறது. ஓப்பன்பிஎஸ்டி இன்னும் சிவிஎஸ்ஸில் இருப்பதால் அவர்கள் $ஓப்பன்பிஎஸ்டி$ வைத்திருப்பதில் பொருள் இருக்கிறது. கிட்டுக்கு வந்த பிறகும் டாலர் வரிகளைச் சுமப்பவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

அப்படியானால் பைனரிக்குள் பதிப்பு வேண்டாமா? வேண்டும். கமென்ட்டில் இல்லாமல், பில்ட் நேரத்தில் ஒரு மாறிலியாக. "கிட் டிஸ்கிரைப் --டேக்ஸ் --டர்ட்டி" தரும் விடை "2.4.0-14-ஜி3எஃப்2ஏ91சி" போல இருக்கும்: 2.4.0 டேகுக்குப் பிறகு 14 கமிட்கள், கடைசியில் கமிட்டின் சுருக்கம். கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் பின்னால் "டர்ட்டி" சேரும். இது அடிக்கடி உடைவது இரண்டு இடங்களில். "--டேக்ஸ்" விட்டுப்போனால் குறிப்புரையோடு இட்ட டேகுகள் மட்டுமே கணக்கில் வரும். வெறும் டேக் இட்டவர்களுக்குப் பழைய எண் கிடைக்கும் அல்லது பிழை வரும். மற்றொன்று சிஐ, அதாவது தானாக ஓடும் பில்ட், சோதனை ஏற்பாடு. கிட்ஹப் ஆக்ஷன்ஸின் செக்அவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும், டேகுகள் வராது. ஆழத்தை 0 என்று கொடுத்து முழு வரலாற்றையும் இறக்க வேண்டும்.

கையால் ஏற்றும் @வெர்ஷன்

டாலர் குறியை நீக்கியவர்கள் அதன் இடத்தில் "@வெர்ஷன் 1.3" என்று கையால் எழுதத் தொடங்குவது வழக்கம். இது இன்னும் கீழே போகும் படி. முன்பாவது கருவி நிரப்பியது. இப்போது மனிதர் நினைவில் வைத்திருக்க வேண்டும். சன் நிறுவனம் தன் ஜாவா நிரலில் இந்தக் குறிக்கு எதிரே எஸ்சிசிஎஸ்ஸின் %ஐ%, %ஜி% ஆகியவற்றைத்தான் இட்டிருந்தது, கையால் எண் எழுதவில்லை. அதோடு, ஜாவாடாக் கருவி @வெர்ஷனையும் @ஆத்தரையும் இயல்பாக வெளியிடுவதே இல்லை. "-வெர்ஷன்", "-ஆத்தர்" விருப்பங்களைக் கொடுத்தால்தான் பக்கத்தில் தெரியும். பல குழுக்கள் யாருமே பார்க்காத ஓர் எண்ணை வருடக்கணக்கில் ஏற்றிக்கொண்டிருக்கின்றன.

மேலே சொன்ன ஒரே விதிவிலக்கு இங்கேதான் வருகிறது: கமென்ட்டை ஒரு நிரல் வாசிக்கிறது என்றால். வேர்ட்பிரஸ் செருகுநிரல் ஒவ்வொன்றின் முதன்மைக் கோப்பிலும் கமென்ட்டுக்குள் "வெர்ஷன்:" வரி இருக்கும். வேர்ட்பிரஸ் அந்தக் கோப்பின் முதல் 8 கேபி-யை வாசித்து அந்த எண்ணை எடுக்கிறது. நீண்ட உரிமக் குறிப்பை மேலே ஒட்டி அந்த வரியை 8 கேபி-க்குக் கீழே தள்ளினால் எண் காணாமல் போகும்.

வேர்ட்பிரஸில் இணையக் கடை நடத்த உதவும் செருகுநிரலான வூகாமர்ஸின் டெம்ப்ளேட்கள் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. கடைக்காரரின் தீம் ஒரு டெம்ப்ளேட்டை நகலெடுத்து மாற்றிக்கொள்ளலாம். மூலக் கோப்பின் தலையில் "@வெர்ஷன் 3.6.0" போல ஓர் எண் இருக்கும். வூகாமர்ஸின் நிலைப் பக்கம் தீமில் உள்ள நகலின் எண்ணையும் மூலத்தின் எண்ணையும் ஒப்பிட்டு, நகல் பழையது என்றால் எச்சரிக்கும். எனவே எண்ணை எப்போது ஏற்றுவது என்பதே இங்கு ஒப்பந்தம். பாதுகாப்புத் திருத்தம் செய்துவிட்டு எண்ணை ஏற்ற மறந்தால், பழைய நகல் வைத்திருக்கும் எந்தக் கடைக்கும் எச்சரிக்கை போகாது. வெறும் இடைவெளியைத் திருத்திவிட்டு எண்ணை ஏற்றினால், ஒன்றும் மாறாத டெம்ப்ளேட்டுக்காக எல்லாக் கடைக்காரர்களும் தங்கள் தீம் எழுதியவரைத் தொந்தரவு செய்வார்கள். விதியை இப்படி எழுதலாம்: வெளியே போகும் எச்டிஎம்எல், ஹூக் (பிற நிரல் இணையும் இடம்) அழைப்பு, மாறியின் பெயர் ஆகியவற்றில் ஒன்று மாறினால் ஏற்று, அந்த எண் டெம்ப்ளேட்டின் சொந்த எண் அல்ல, அம்மாற்றம் வெளிவரும் ரிலீஸின் எண்.

வாசிக்கும் நிரல் எது என்று சுட்டிக்காட்ட முடியாத @வெர்ஷன் வரியை நீக்கிவிடுங்கள்.

@சின்ஸ்: எந்த அளவுக்கு எழுதுவது

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு கிட் நேரடியாகப் பதில் சொல்லாது. நூலகத்தைப் பயன்படுத்துபவர் கையில் ரெப்போ இருக்காது; எடிட்டரில் பங்ஷன் பெயர்மேல் சுட்டியை வைத்தால் வரும் கமென்ட்தான் இருக்கும்.

இரண்டு மரபுகள் உண்டு. சன்னின் ஜாவா வழிகாட்டி சொன்னது: பேக்கேஜ் அறிமுகமாகும்போது பேக்கேஜுக்கும் ஒவ்வொரு கிளாஸுக்கும் @சின்ஸ் இடு, கிளாஸோடு சேர்ந்தே பிறந்த மெத்தட்களுக்கு இடாதே, பின்னால் சேர்ந்த மெத்தட்டுக்கு மட்டும் இடு. வேர்ட்பிரஸ் இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு பங்ஷன், மெத்தட், ஹூக் எல்லாவற்றுக்கும் கட்டாயம். மாற்றம் வந்தால் அடுத்த வரியாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்:

/**
 * பொருளின் இறுதி விலையைத் தரும்.
 *
 * @சின்ஸ் 2.4.0
 * @சின்ஸ் 2.7.0 $வரி என்ற பாராமீட்டர் சேர்க்கப்பட்டது.
 * @சின்ஸ் 3.1.0 பொருள் இல்லையென்றால் 0-க்குப் பதில் நல் (வெற்று மதிப்பு) திரும்பும்.
 */

முதல் மரபில் இரைச்சல் குறைவு. ஆனால் மெத்தட்டை ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால், குறியில்லாத மெத்தட் புதிய கிளாஸின் எண்ணைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. 1.2-இல் பிறந்த மெத்தட் 3.0-இல் பிறந்ததாகத் தெரியும். இரண்டாவது மரபில் அந்த ஆபத்து இல்லை. எழுதும் வேலை அதிகம். கிளாஸ்கள் நிலையாக இருக்கும் ஜாவா நூலகத்துக்கு முதலாவது போதும். தனித்தனி பங்ஷன்களும் ஹூக்குகளும் சிதறிக்கிடக்கும் பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளுக்கு இரண்டாவதுதான் சரிப்படும். மேலே உள்ள எடுத்துக்காட்டின் மூன்றாவது @சின்ஸ் வரி போன்றவை, அதாவது நடத்தை மாறியதைச் சொல்லும் வரிகள், எந்த மரபானாலும் விடக் கூடாதவை. பைத்தான் உலகில் ஸ்பிங்ஸ் இதற்கென்றே "வெர்ஷன்ஆடட்", "வெர்ஷன்சேஞ்ச்ட்" என்று இரண்டு கட்டளைகளைத் தனியாக வைத்திருக்கிறது. ஜாவாடாக்கில் இரண்டாவதற்கு ஈடான குறி இல்லாததால், ஜாவாக் குழுக்கள் அதை விளக்கப் பத்தியிலேயே எழுத வேண்டியிருக்கிறது.

பிரைவேட் மெத்தட்களுக்கு வேண்டாம். சோதனைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

எண்ணா, இடம்பிடிச் சொல்லா, தனிக் கோப்பா

உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடம் இது. புதிய பங்ஷனை எழுதும் நாளில் அது எந்த ரிலீஸில் வெளிவரும் என்று எழுதுபவருக்கு உறுதியாகத் தெரியாது.

முதல் வழி, எண்ணை ஊகித்து எழுதுவது. சில மாதங்களுக்கு ஒரு ரிலீஸ், ஒரே முதன்மை பிராஞ்ச், புல் ரிக்வெஸ்ட்கள் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகள்) ஓரிரு நாளில் முடிந்துவிடும் என்றால் இது போதும். மற்ற இடங்களில் நடப்பது இதுதான்: 2.6.0 உருவாகும்போது திறந்த புல் ரிக்வெஸ்ட் விவாதத்தில் கிடந்து, 2.6.0 வெளியான மறுவாரம் மெர்ஜ் ஆகிறது. கமென்ட்டில் "@சின்ஸ் 2.6.0". பங்ஷன் இருப்பது 2.7.0-இல். எந்தச் சோதனையும் தோற்காது, கிட்டும் மோதல் காட்டாது. கமென்ட்டை நம்பி "குறைந்தபட்சம் 2.6" என்று தன் சார்புப் பட்டியலில் எழுதியவருக்கு மட்டும், 2.6 ஓடும் வாடிக்கையாளர் சர்வரில் "பங்ஷன் இல்லை" என்ற பிழை வரும்.

இரண்டாவது வழி, இடம்பிடிச் சொல். ரஸ்டின் மூல நூலகத்தில் "கரன்ட்_ரஸ்ட்சி_வெர்ஷன்" என்று எழுதுகிறார்கள். நோட்.ஜேஎஸ் ஆவணங்களில் "ரீபிளேஸ்மீ". சிபைத்தானில் 3.14-க்கான வேலையின்போது வந்தது "நெக்ஸ்ட்". ஜென்கின்ஸில் "@சின்ஸ் டூடூ". நான்குமே ஒரே யோசனை: எழுதுபவர் எண்ணைத் தொடுவதில்லை, ரிலீஸின்போது ஒரு ஸ்கிரிப்ட் நிரப்புகிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரிலீஸ் செய்யும் ரஸ்ட் போன்ற திட்டத்தில் வேறு எந்த முறையும் தாங்காது.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. "டூடூ" எடிட்டர்களின் வேலைப்பட்டியலில் தானாகவே வரும் என்பது வசதி. ஆனால் வெறும் தேடலில் மற்ற நூறு டூடூக்களோடு கலந்துவிடும், குறியோடு சேர்த்தே தேட வேண்டும். "நெக்ஸ்ட்" சாதாரண நிரலில் எல்லா இடத்திலும் வரும் சொல். வேறெங்கும் வர வாய்ப்பில்லாத பெரிய எழுத்துச் சொல்தான் பாதுகாப்பு. ஸ்கிரிப்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று வரிசை. மாற்று, கமிட் செய், அதன்பிறகு டேக் இடு. டேகை முதலில் இட்டுவிட்டால் வெளியே போகும் டார்பாலில் இடம்பிடிச் சொல் அப்படியே இருக்கும். மற்றது பிராஞ்ச், இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். 2.7 ரிலீஸ் பிராஞ்சை வெட்டி, அந்த பிராஞ்சில் மட்டும் சொல்லை 2.7.0 என்று மாற்றினால், முதன்மை பிராஞ்சில் சொல் அப்படியே தங்கும். அடுத்த ரிலீஸில் ஸ்கிரிப்ட் அதையும் 2.8.0 என்று நிரப்பும். 2.7-இல் வந்த பங்ஷன்கள் எல்லாம் 2.8-இல் வந்ததாகப் பதிவாகும். பிராஞ்சை வெட்டுவதற்கு முன்பே முதன்மையில் மாற்றிவிடுங்கள். தவறினால் அந்தக் கமிட்டை அன்றே முதன்மைக்கு செர்ரி-பிக் செய்யுங்கள் (தனியாக நகலெடுங்கள்).

மூன்றாவது வழி கமென்ட்டையே தவிர்க்கிறது. கோ மொழியில் @சின்ஸ் கிடையாது. மூல ரெப்போவின் "ஏபிஐ" கோப்புறையில் go1 தொடங்கி ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் உரைக் கோப்பு; அப்பதிப்பில் வெளியே தெரியும் புதிய பெயர்கள் எல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். ஆவணப் பக்கத்தில் தெரியும் பதிப்புக் குறிப்பு இவற்றிலிருந்தே வருகிறது. பட்டியலில் இல்லாத புதிய பெயரை ஒருவர் சேர்த்தால் சோதனை தோற்கும். அடுத்த பதிப்புக்கானவற்றை ஒரே கோப்பில் குவிக்காமல், முன்மொழிவு எண்ணின் பெயரில் தனித்தனிக் கோப்பாக வைக்கிறார்கள். மெர்ஜ் மோதல் வராமலிருக்க அது நல்ல உத்தி. கர்ல் திட்டமும் லிப்கர்லின் ஒவ்வொரு குறியீடும் எந்தப் பதிப்பில் வந்தது, எதில் கைவிடப்பட்டது, எதில் கடைசியாக இருந்தது என்று "சிம்பல்ஸ்-இன்-வெர்ஷன்ஸ்" என்ற ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது.

துல்லியத்தில் மூன்றாவதுதான் முதலிடம், ஏனென்றால் பொய் சொன்னால் பில்ட் நிற்கும். அதன் எல்லை, பெயர்களை மட்டுமே அது அறியும் என்பது. "3.1 முதல் 0-க்குப் பதில் நல்" என்பதை அது பிடிக்காது. ஐந்தாறு பேர் பராமரிக்கும் நடுத்தர நூலகத்துக்கு இடம்பிடிச் சொல்லே எங்கள் பரிந்துரை. ஆயிரக்கணக்கான வெளிப்பெயர்களும், பொருந்துதல் வாக்குறுதியும் உள்ள திட்டம் என்றால் தனிக் கோப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுத்துவடிவம்

எண்ணுக்கு முன்னால் வி வேண்டுமா என்பதில் நேரம் செலவழிக்க வேண்டாம். கிட் டேகில் வி இருக்கட்டும். கோ மாட்யூல்களுக்கு அது கட்டாயமும்கூட. கமென்ட்டில் வேண்டாம். செமாண்டிக் வெர்ஷனிங் 2.0.0 விதிப்படி வி என்பது பதிப்பு எண்ணின் பகுதி அல்ல. நோட்.ஜேஎஸ் தன் ஆவணங்களில் வி-யோடு எழுதுகிறது, ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. கலந்து எழுதுவதுதான் தொல்லை.

மூன்று பகுதிகளையும் எழுதுவது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2.10 என்று இரண்டே பகுதியாக எழுதினால், மேற்கோள் இல்லாத இடத்தில் யாமல் (அமைப்புக் கோப்பு வடிவம்) அதை 2.1 என்ற தசம எண்ணாக வாசித்துவிடும். 2.10.0 எண்ணாக முடியாது, சரமாகவே இருக்கும். ஆனால் சரமாக ஒப்பிட்டாலும் 2.10.0 என்பது 2.9.0-க்கு முன்னால் வந்து நிற்கும்; பிஎச்பியில் "வெர்ஷன்_கம்பேர்", ஷெல்லில் "சார்ட் -வி" என்று பதிப்பறிந்த ஒப்பீட்டையே பயன்படுத்துங்கள்.

ஜாவாவின் சொந்த நூலகம் இதில் ஒரு பாடம். ஸ்ட்ரிங் கிளாஸின் தலையில் ஜாவா 8 வரை "ஜேடிகே1.0" என்று இருந்தது, பக்கத்துக் கிளாஸ்களில் "1.2", "1.4". பிற்பாடு முன்னொட்டைக் களைந்து 1.0 ஆக்கினார்கள். 1.8-க்கு அடுத்து 9 என்று தாவியதால், பதிப்பை ஒப்பிடும் எந்தக் கருவியும் 1.8-ஐயும் 8-ஐயும் ஒன்றாகக் கருத வேண்டியிருக்கிறது. எண் முறை மாறப்போகிறது என்று தெரிந்தால், பழைய வரிகளை மாற்றுவதா விடுவதா என்று அன்றே எழுதி வையுங்கள்.

முன்னோட்ட ரிலீஸ் எண்ணை @சின்ஸில் இடாதீர்கள். சி மொழி நூலகமான கிலிப் 2.79 வரிசையில் உருவாகும் பங்ஷனுக்கும் "சின்ஸ்: 2.80" என்றே எழுதுகிறது, ஒற்றைப்படை எண் சோதனை வரிசை, இரட்டைப்படைதான் நிலையான ரிலீஸ். பீட்டா பயனருக்கு இதனால் இழப்பில்லை.

ஒரே ரெப்போவில் பல பேக்கேஜ்கள் தனித்தனி எண்களோடு வெளியானால், அந்த பேக்கேஜின் எண்ணையே எழுதுங்கள். நிரல் வேறு திட்டத்திலிருந்து வந்தது என்றால் ஊர்ப் பெயரோடு வரட்டும்: 2010-இல் வேர்ட்பிரஸ் எம்யூ முதன்மை வேர்ட்பிரஸோடு இணைந்தபோது, அங்கிருந்து வந்த பங்ஷன்களுக்கு "@சின்ஸ் எம்யூ (3.0.0)" என்று இட்டார்கள். எம்யூவில் எப்போது பிறந்தது என்று துருவாமல், முதன்மையில் எப்போது கிடைத்தது என்று சொன்ன அந்த வடிவம் இன்றும் குழப்பமில்லாமல் வாசிக்க முடிகிறது.

பழைய வரிசைக்குத் திரும்பப் போன மாற்றங்கள்

3.1.0-இல் வந்த பங்ஷனை 2.9.4-க்கும் கொண்டுபோனால் என்ன எழுதுவது? "@சின்ஸ் 2.9.4" என்றால் தப்பு: எண் வரிசையில் அதற்குப் பின்னால் வரும் 3.0.0-இல் அது இல்லை. நோட்.ஜேஎஸ் செய்வதுதான் சரி: இரண்டையும் எழுதுகிறது. அபார்ட்கன்ட்ரோலர் பக்கத்தில் 15.0.0, 14.17.0 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதன்மை பிராஞ்சிலும் பராமரிப்பு பிராஞ்சிலும் ஒரே வரி இருக்க வேண்டும். பராமரிப்பில் மட்டும் திருத்திவிட்டு முதன்மையை மறப்பது சாதாரணமாக நடப்பது. செர்ரி-பிக் செய்பவரின் சரிபார்ப்புப் பட்டியலில் அதை ஒரு வரியாகச் சேருங்கள்.

@டெப்ரிகேட்டட்

மொழியிலேயே வசதி இருந்தால் எண்ணை அங்கே வையுங்கள். ஜாவா 9 முதல் @டெப்ரிகேட்டட் அனோடேஷனிலேயே "சின்ஸ்", "ஃபார்ரிமூவல்" இரண்டும் உண்டு. இரண்டாவதை ட்ரூ என்றால் கம்பைலர் கேட்காமலே எச்சரிக்கும். கமென்ட்டில் சிறிய எழுத்துக் குறியை இட்டு அனோடேஷனை விட்டவர்களை "-எக்ஸ்லின்ட்:டெப்-ஆன்" காட்டிக்கொடுக்கும். வேர்ட்பிரஸில் "_டெப்ரிகேட்டட்_பங்ஷன்" அழைப்பிலும், சிம்ஃபனியில் "ட்ரிகர்_டெப்ரிகேஷன்" அழைப்பிலும் பதிப்பு எண் ஒரு பாராமீட்டராகவே போகிறது. கமென்ட்டில் மிஞ்சுவது மூன்று: எந்தப் பதிப்பில் கைவிடப்பட்டது, எதில் நீக்கப்படும், பதிலாக எது. சிம்ஃபனியின் "6.3 முதல், 7.0-இல் நீக்கப்படும்" என்ற வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இடம்பிடிச் சொல் இங்கும் பொருந்தும். ஜென்கின்ஸ் அனோடேஷனுக்குள்ளும் "டூடூ" என்றே இடச் சொல்கிறது.

நடைமுறைக்குக் கொண்டுவருவது

விதியைப் பங்களிப்பு வழிகாட்டியில் பத்து வரிக்குள் எழுதிவிட்டு, காவலைக் கருவியிடம் கொடுங்கள். ஜாவாவுக்கு செக்ஸ்டைலின் "ரைட்டேக்" சோதனை @சின்ஸுக்குப் பின்னால் வரும் வடிவத்தைச் சரிபார்க்கும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஈஎஸ்லின்ட்டின் ஜேஎஸ்டாக் செருகுநிரலில் உள்ள "செக்-வேல்யூஸ்" விதி, @சின்ஸும் @வெர்ஷனும் முறையான செமாண்டிக் வெர்ஷன் எண்களா என்று பார்க்கும். இது இடம்பிடிச் சொல்லையும் பிழை என்றே சொல்லும், எனவே முதன்மை பிராஞ்சில் அணைத்து ரிலீஸ் பிராஞ்சில் மட்டும் இயக்குங்கள்.

சிஐயில் எழுத வேண்டிய சிறு ஸ்கிரிப்ட்கள் இரண்டுதான். புல் ரிக்வெஸ்டில் புதிதாகச் சேர்ந்த வரிகளை மட்டும் எடுத்து, அதில் @சின்ஸுக்குப் பின் வெற்று எண் இருந்தால் தடுப்பது முதலாவது. பழைய வரிசைக்குக் கொண்டுபோவதைக் குறிக்கும் பேக்போர்ட் என்ற லேபிள் இருந்தால் மட்டும் விடலாம். டேக் இடும் வேலையில் மரம் முழுவதும் இடம்பிடிச் சொல்லைத் தேடி, ஒன்று கிடைத்தாலும் நிறுத்துவது இரண்டாவது. விதியை விளக்கும் வழிகாட்டிக் கோப்பிலேயே அந்தச் சொல் இருக்கும். அதைத் தேடலிலிருந்து விலக்க மறந்தால் முதல் ரிலீஸே நின்றுவிடும்.

பழைய நிரலைத் திருத்துவதில் அவசரம் வேண்டாம். டாலர் வரிகளையும் கைவிட்ட @வெர்ஷன் வரிகளையும் ஒரே கமிட்டில் நீக்கி, அதன் ஹாஷை ".கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்" கோப்பில் சேர்த்துவிடுங்கள். நீக்கும் முன் அந்தச் சரங்களை வேறு ஸ்கிரிப்ட் ஏதாவது வாசிக்கிறதா என்று ரெப்போவில் தேடிவிடுங்கள். பழைய பேக்கேஜிங் ஸ்கிரிப்ட்கள் $ரிவிஷன்$ வரியை வெட்டி எடுத்துக்கொண்டிருப்பது உண்டு.

@சின்ஸ் இல்லாத பொது பங்ஷன்களுக்கு எண் கண்டுபிடிக்க "கிட் பிளேம்" உதவாது. கடைசியாக வரியைத் தொட்டவரைத்தான் அது காட்டும், அது வெறும் உள்தள்ளல் திருத்தமாக இருக்கலாம். "கிட் லாக் -எஸ்" என்று பங்ஷன் பெயரைத் தேடி, பட்டியலின் அடியில் உள்ள மிகப் பழைய கமிட்டை எடுங்கள். பிறகு "கிட் டேக் --கன்டெய்ன்ஸ்" கட்டளையைப் பதிப்பு வரிசையில் ஓட்டினால் முதலில் வரும் நிலையான டேகே விடை. செர்ரி-பிக் ஆன கமிட்டுக்கு வேறு ஹாஷ் என்பதால் பராமரிப்பு வரிசை இதில் சிக்காது. அவற்றை ரிலீஸ் குறிப்புகளில் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். ரெப்போவின் வரலாறு சப்வெர்ஷனிலிருந்து பாதியில் வந்தது என்றால், முதல் கமிட்டுக்கு முந்தியவை எல்லாவற்றுக்கும் அந்த இடமாற்றத்துக்குப் பிந்திய முதல் ரிலீஸ் எண்ணை ஊகித்து இடாதீர்கள். குறியில்லாமலே விடுங்கள். குறி இல்லாவிட்டால் பயனர் ரிலீஸ் குறிப்புகளைத் தேடிப் பார்ப்பார். தப்பான எண் இருந்தால் தேட மாட்டார்.